எழுதித் தரச் சொல்லுங்கள்

கேள்வி: மளிகை மொத்த வியாபாரம் செய்கிறேன். பில் போடும் சாஃப்ட்வேரை விற்ற கம்பெனியின் பிரதிநிதி, "இதை நிறுத்தும் பேச்சே இல்லை" என்று சொல்லி மூன்று வருடப் பராமரிப்புக்குப் பணம் கேட்கிறார். அதே கம்பெனியின் சர்வீஸ் பையனோ, "மார்ச்சோடு மூடிவிடுவார்கள் அண்ணாச்சி" என்கிறான். யாரை நம்புவது?
- ஒரு வியாபாரி, விருதுநகர்

பதில்: இருவரையுமே நம்ப வேண்டாம் அண்ணாச்சி. அவருக்கு மாதக் கடைசி இலக்கு, அவனுக்கு டீக்கடைத் தகவல். முடிவெடுக்கும் அறைக்குள் இருவருக்குமே நாற்காலி கிடையாது.

பெரிய கம்பெனியிலும் இதே கதைதான். 2015 மே மாதம் சிகாகோ மாநாட்டில் மைக்ரோசாப்ட் ஊழியர் ஜெர்ரி நிக்சன், விண்டோஸின் கடைசிப் பதிப்பு விண்டோஸ் 10 என்றார். பத்திரிகைகள் அதைத் தலைப்பாக்கின. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்து நின்றது! வேடிக்கை என்னவென்றால், விண்டோஸ் 10 வெளியான 2015-லேயே, அதற்கு அப்டேட் தரும் ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடியும் என்று மைக்ரோசாப்ட் தன் அட்டவணையில் போட்டுவைத்திருந்தது. பொது ஆதரவு அதே நாளில்தான் முடிந்தது. மேடைப் பேச்சு பரவிய வேகத்தில் அட்டவணையை யார் புரட்டினார்கள்?

ஆகவே பிரதிநிதிக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். "கடைக்கு வந்தபோது இந்த சாஃப்ட்வேர் நிறுத்தப்படாது என்றீர்கள். வரி மாற்றங்களுக்கான அப்டேட் எந்தத் தேதி வரை வரும், இடையில் நிறுத்தினால் மீதிப் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதைக் கம்பெனி லெட்டர்பேடில் எழுதித் தரவும்." நகல் தலைமை அலுவலகத்துக்கும் போகட்டும். வாயில் தேன் ஒழுகப் பேசியவருக்கு, எழுத்து என்றதும் போனில் சிக்னல் கிடைக்காமல் போகலாம். அதுவும் பதில்தான். அப்படியானால் ஒரு வருடத்துக்கு மேல் ஒரு பைசா கட்டாதீர்கள்.

அப்டேட் நின்றால் என்ன ஆகும் என்கிறீர்களா? 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் ஒரே நாளில் மாறியதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை உங்கள் பழைய கணக்கு. ஆண்டறிக்கை தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் அதை வைத்திருக்கச் சொல்கிறது ஜிஎஸ்டி சட்டம். லைசென்ஸ் முடிந்து சாஃப்ட்வேர் திறக்காமல் போனால் அதிகாரியிடம் எதைக் காட்டுவீர்கள்? மாதா மாதம் லெட்ஜர், பில், இருப்பு எல்லாவற்றையும் எக்ஸெல்லாக எடுத்து பென்டிரைவில் வையுங்கள். அந்த சாஃப்ட்வேர் இல்லாத வேறொரு கம்ப்யூட்டரில் அது திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.