பாதி முகம், பாதி சாம்பல்

கேள்வி: பேத்தி முதன்முதலாக எழுந்து நடந்த அன்று கேமராவில் நிறையப் படங்கள் எடுத்தேன். மெமரி கார்டைக் கணினியில் செருகியபோது சில படங்கள் பாதிவரை தெரிந்தன, மீதி சாம்பல் நிறம். எடுத்து மறுபடி செருகினால், ‘ஃபார்மேட் செய்யலாமா?’ என்று கேட்கிறது. படங்கள் அவ்வளவுதானா?

பதில்: பெரும்பாலான படங்கள் இன்னும் கார்டிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். முதலில் ‘வேண்டாம்’ என்று அழுத்துங்கள். எஸ்டி கார்டு என்றால் பக்கவாட்டில் இருக்கும் குட்டிப் பூட்டை ‘லாக்’ பக்கம் தள்ளிவிடுங்கள். இனி அதில் ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. ‘பிழை திருத்து’ என்று விண்டோஸ் கேட்டாலும் சம்மதிக்காதீர்கள், அதுவும் கார்டில் எழுதும்.

எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை கார்டில் தனியாக இருக்கிறது. பல நேரம் கெடுவது அதுதான். படங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும், வேறு எதுவும் அவற்றின் மேல் எழுதப்படாதவரை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அம்மாவின் கடைசிப் பிறந்தநாள் படங்கள் இப்படித்தான் காணாமல் போயின. மீட்கும் மென்பொருளை ஓட்டினேன், ஒவ்வொன்றாக வந்தன. சந்தோஷத்தில் அவற்றை அதே கார்டிலேயே சேமித்தேன். மீட்ட படங்களே மீட்காத படங்களை அழித்துக்கொண்டு போயின. அம்மா சிரிக்கும் ஒரு படத்தில் நெற்றியும் கண்களும் இருக்கின்றன, அதற்குக் கீழே வெறும் சாம்பல். இன்றும் வைத்திருக்கிறேன்.

அதனால் கார்டைக் கணினியோடு இணைக்கும் கார்டு ரீடரில் போட்டு, அதன் முழு நகலையும் ஒரே கோப்பாகக் கணினிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளில் இந்த வசதி உண்டு. அதோடு சேர்ந்தே வரும், படங்களை மீட்கும் ஃபோட்டோரெக்கை அந்த நகலின் மேல் ஓட்டுங்கள். அது அட்டவணையை நம்பியிருப்பதில்லை. ஜேபெக் என்பது கேமராக்கள் வழக்கமாகப் படத்தைச் சேமிக்கும் வடிவம். அப்படிப்பட்ட படம் ஒவ்வொன்றும் ‘எஃப்எஃப் டி8’ என்ற குறியோடுதான் தொடங்கும், அந்தத் தொடக்கத்தைத் தேடித்தேடிப் படங்களை எடுக்கும். பழைய கோப்புப் பெயர்கள் வராது, பரவாயில்லை. மீட்பவை கணினியில்தான் சேர வேண்டும்.

பாதி தெரியும் படங்களைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஜேபெக்கில் தகவல் மேலிருந்து கீழாகச் சங்கிலிபோல வரும், நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் கீழே இருப்பது குலைந்துவிடும். ஃபோட்டோரெக் சிலவற்றை முழுதாகக் கொடுக்கலாம், சிலவற்றை அப்படியே கொடுக்கும். ரா வடிவிலும், அதாவது கேமரா சுருக்காமல் பதப்படுத்தாமல் வைக்கும் மூலக் கோப்பாகவும் எடுத்திருந்தால் அதைப் பாருங்கள், பெரும்பாலும் அதற்குள்ளேயே ஒரு ஜேபெக் முன்னோட்டம் இருக்கும். எந்த ரீடரிலும் கார்டே தெரியவில்லை என்றால் மென்பொருளால் பயனில்லை, தரவு மீட்பு ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும்.

அப்புறம், இனிமேலுக்கு: கேமராவில் சிவப்பு விளக்கு மினுக்கும்போது கார்டையோ பேட்டரியையோ கழற்றாதீர்கள், அப்போதுதான் அட்டவணை எழுதப்படுகிறது. பேட்டரி சாகும்வரை படம் எடுப்பதும் அதே ஆபத்து. ஃபார்மேட்டைக் கேமராவிலேயே செய்யுங்கள். மலிவாக வாங்கிய கார்டு என்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருள் கொண்டு அதன் கொள்ளளவை ஒருமுறை சோதியுங்கள். 64 ஜிபி என்று அச்சிட்டு 8 ஜிபி மட்டுமே இருக்கும் போலிகள் உண்டு, அந்த 8 ஜிபி நிரம்பியபின் எடுக்கும் படங்கள் எல்லாம் குப்பைதான்.

இந்தக் கார்டை இப்போதைக்கு ஒரு உறையில் போட்டுத் தனியாக வையுங்கள். மீட்ட படங்களைச் சிறு உருவில் பார்த்து ஏமாறாமல், ஒவ்வொன்றையும் பெரிதாகத் திறந்து பார்த்து, இன்னொரு இடத்திலும் நகல் வைத்த பிறகு கார்டைத் தூக்கிப் போடலாம்.