மணி அடித்தால் முறைக்கிறார்களே!

கேள்வி: பூங்கா இணைப்புப் பாதையில் சைக்கிள் மணி அடித்தால் நடப்பவர்கள் முறைக்கிறார்கள், அடிக்காமல் தாண்டினால் திடுக்கிடுகிறார்கள். என்னதான் செய்வது?
– ஒரு வாசகர், பிடோக், சிங்கப்பூர்

பதில்: முதுகுக்குப் பின்னால் வந்து அடித்தால் யாருக்கும் கோபம் வரும். பத்துப் பதினைந்து மீட்டர் முன்பே ஒரே ஒரு ‘டிங்’ போதும். அப்புறம் வேகத்தைக் குறையுங்கள். இந்தப் பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகலாம், நடைபாதையில் 10தான். சரி, பாட்டி பேரனோடு நடக்கும் இடத்தில் 25 எதற்கு? மணி கேட்டதும் சிலர் நாம் தாண்டப்போகும் வலப்பக்கமே தாவுவார்கள். அப்படித் தாவிய ஒருவருக்காக நான் புல்லில் விழுந்திருக்கிறேன். இப்போதெல்லாம் அவர்கள் திரும்பிப் பார்த்த பிறகுதான் தாண்டுகிறேன். காதில் இயர்போன் என்றால் மணி வீண். இடம் கிடைக்கும்வரை பின்னாலேயே ஊர்ந்து போங்கள். தாண்டும்போது ஒரு ‘தேங்க்யூ’ சொல்லுங்கள், பாதி முறைப்பு போய்விடும்.