காய்ச்சலுக்குப் பயந்து ஊசி வேண்டாமாம்!

கேள்வி: குளச்சல் பக்கம் கிராம சுகாதார செவிலியராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ஒன்றரை மாத ஊசியில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததால், இரண்டரை மாத ஊசிக்குச் சில மாமியார்கள் விடமாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: மக்களே, அந்த மாமியாரிடம் வாதாடாதீர்கள். அழுத பிள்ளையை ராத்திரி முழுக்கத் தோளில் போட்டு நடந்தவர் அவர்தான். முதலில் அந்த ராத்திரியைப் பற்றிக் கேளுங்கள், முழுசாகச் சொல்லட்டும். நானும் இதே கடற்கரையில் செவிலியராக இருந்தவள். காய்ச்சல் வரலாம், பெரும்பாலும் ஓரிரு நாளில் இறங்கிவிடும் என்று ஊசிக்கு முன்பே சொன்ன வீடுகளில் பயம் குறைவாக இருந்தது. சொல்லாமல் விட்ட வீட்டில் காய்ச்சல் வந்தால், ஊசியே கெடுதல் என்று ஆகிவிடும். காய்ச்சல் விடாவிட்டாலோ வலிப்பு வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்பதையும் மறைக்காதீர்கள்.

அப்புறம், ஊசி போடுவதாகச் சொன்ன புதன்கிழமை தவறாமல் போய் நில்லுங்கள். ராஜஸ்தானின் உதய்ப்பூர் கிராமங்களில் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழு செய்த ஆய்வு 2010-ல் வெளியானது. வழக்கமான சேவை மட்டும் இருந்த ஊர்களில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 6 சதவீதம். மாதந்தோறும் தவறாமல் முகாம் நடந்த ஊர்களில் 18. ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும் கொடுத்த ஊர்களில் 39. பருப்புக்கு நாம் எங்கே போவது! நேரம் தவறாமல் போக முடியும்.

ஊசி போட்ட மறுநாள் அந்த வீட்டில் கட்டாயம் எட்டிப் பாருங்கள். அடுத்த ஊசிக்கு அந்த மாமியாரே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார், நான் பார்த்திருக்கிறேன்.