வியாதி வந்தால் விசுவாசம் இல்லை என்று அர்த்தமா? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் செய்துவருகிறோம். நாங்கள் செல்லும் சபையின் போதகர், "'அவருடைய தழும்புகளால் குணமானீர்கள்' என்று எழுதியிருக்கும்போது மருத்துவமனையை நம்பி ஓடுவது அவிசுவாசம்" என்று பிரசங்கத்திலேயே சொல்லுகிறார். எங்கள் குடும்பத்தில் பரம்பரைச் சாபம் இருக்கிறதாம்; அது முறிய ஒரு மாத வருமானத்தை விதையாக விதைக்க வேண்டுமாம். என் கணவரோ மனம் நொந்து, டயாலிசிஸை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறார். குறை எங்கள் விசுவாசத்தில்தான் இருக்கிறதா? — ஒரு சகோதரி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: சகோதரி, வேத விளக்கத்துக்குப் போகுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸை ஒரு தடவைகூடத் தவறவிடாதீர்கள். சிறுநீரகம் வேலை செய்யாத ஒருவருக்குச் சிகிச்சை நின்றுபோனால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் முன்னறிவிப்பு எதுவும் இல்லாமலே இதயத் துடிப்பு நின்றுபோகலாம். நிறுத்தச் சொல்லுகிறவர் எவ்வளவு பக்தியோடு சொன்னாலும், அவர் பணயம் வைப்பது உங்கள் கணவருடைய உயிரை. உங்கள் கணவர் அப்படிக் கேட்டதற்காக அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். வாரந்தோறும் ஊசி குத்திய கையோடு வீடு திரும்புகிற மனிதருக்குச் சோர்வு வரத்தான் செய்யும். அந்தச் சோர்வைச் சிகிச்சை தருகிற மருத்துவரிடம் அவரே மனம் திறந்து பேசட்டும், நீங்களும் கூட இருங்கள்.

இப்போது வசனத்துக்கு வருவோம். "அவருடைய தழும்புகளால் குணமானீர்கள்" என்பது 1 பேதுரு 2:24. அதற்கு மேலே 18-ஆம் வசனத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். பேதுரு அங்கே முரட்டு எஜமான்களிடத்தில் வேலைக்காரராயிருந்த விசுவாசிகளோடு பேசுகிறார். நன்மை செய்தும் பாடுபட்டு, அதைப் பொறுமையோடே சகிக்கிறவர்கள் கிறிஸ்துவின் அடிச்சுவடுகளைத் தொடருகிறார்கள் என்பதே அந்தப் பகுதியின் பொருள். நாம் பாவங்களுக்குச் செத்து நீதிக்குப் பிழைத்திருக்கும்படிக்கு அவர் சிலுவையின்மேல் நம்முடைய பாவங்களைச் சுமந்தார் என்று அதே வசனம் சொல்லுகிறது. தன் முதுகிலே தழும்பு வாங்கிக்கொண்டிருந்த ஒரு வேலைக்காரனுக்கு, "உன் ஆண்டவருக்கும் தழும்பு உண்டு" என்று ஆறுதல் சொல்ல எழுதப்பட்ட வசனத்தை, இன்று பாடுபடுகிறவனைக் குற்றவாளியாக்க எடுத்து வீசுகிறார்கள். இது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது.

கர்த்தர் இன்றும் சுகமாக்குகிறார் என்று நான் முழு மனதோடு நம்புகிறேன். பேதுருவின் அந்த வார்த்தை ஏசாயா 53-ஆம் அதிகாரத்திலிருந்து வந்தது; இயேசு வியாதியஸ்தரைச் சொஸ்தமாக்கியதை அதே அதிகாரத்தோடு மத்தேயு இணைத்துக் காட்டுகிறார் (மத்தேயு 8:17). ஆனால், விசுவாசிக்கிற எவரும் இப்போதே சுகமடைந்தாக வேண்டும் என்ற போதனை வேதத்தில் இல்லை. எபேசுவிலே பவுலின் சரீரத்தில் பட்ட உறுமால்களையும் கச்சைகளையும் வியாதிக்காரர்மேல் போட, வியாதிகள் நீங்கின என்று அப்போஸ்தலர் 19:12 சொல்லுகிறது. அதே எபேசுவைச் சேர்ந்தவன் துரோப்பீமு. பவுலோடு எருசலேம் வரைக்கும் பயணம் செய்த உடன் ஊழியன். தம் கடைசி நிருபத்தில் பவுல் அவனைப் பற்றி என்ன எழுதுகிறார்? "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்கிறார் (2 தீமோத்தேயு 4:20). விசுவாசக் குறைவு என்று ஒரு சொல்லும் இல்லை. அடிக்கடி பலவீனப்பட்ட தீமோத்தேயுவுக்கும் அவர் சாபம் முறிக்கும் ஜெபத்தைக் கற்றுக்கொடுக்கவில்லை. வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள் என்று அக்காலத்து மருந்தைச் சொன்னார். அவருடைய உடன் ஊழியனான லூக்காவே ஒரு வைத்தியன். "பிரியமான வைத்தியன்" என்று அன்போடு அவனைக் குறிப்பிடுகிறார். பவுல் தம் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டபோது அவருக்குக் கிடைத்த பதில், "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்பதே. மூன்றுதரம் கேட்டும் முள் நீங்காத பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல உங்கள் போதகர் துணிவாரா?

எபிரெயர் 11-ஆம் அதிகாரத்தையும் இருவரும் உட்கார்ந்து கடைசி வரைக்கும் வாசியுங்கள். விசுவாசத்தினாலே பட்டயக்கருக்குக்குத் தப்பினவர்கள் 34-ஆம் வசனத்தில் இருக்கிறார்கள்; பட்டயத்தினாலே வெட்டுண்டு மரித்தவர்கள் 37-ஆம் வசனத்தில் இருக்கிறார்கள். இரு கூட்டத்தாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றவர்கள் என்று ஒரே மூச்சில் எழுதப்பட்டிருக்கிறது. கூட்டங்களில் 34-ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

நம் மண்ணிலேயே ஒரு சாட்சி உண்டு. திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் கைவிடப்பட்ட பிள்ளைகளுக்குத் தாயாயிருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ஆம் ஆண்டு கீழே விழுந்து காலில் பலத்த அடிபட்டார். அதன்பின் 1951-இல் மரிக்கும்வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள், பெரும்பாலும் தம் அறையிலேயே முடங்கியிருந்தார். அந்தக் கட்டிலிலிருந்துதான் தம்மைப்போல் நோயுற்றவர்களுக்கு ஆறுதலாக ஏராளமாக எழுதினார். அவருக்காக ஜெபிக்க அங்கே ஆட்களுக்குப் பஞ்சமில்லை. அந்த இருபது ஆண்டுகளை விசுவாசத் தோல்வி என்று எழுதிவிட யாருக்கும் மனம் வராது.

பரம்பரைச் சாபத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18 சொல்லுகிறது. பிறவிக் குருடனைக் குறித்து, அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று ஆண்டவரே சொன்னார். கிறிஸ்து நமக்காகச் சாபமானார் என்று கலாத்தியர் 3:13 கூறுகிறது. அவர் சுமந்து தீர்த்த சாபத்துக்கு உங்கள் மாதச் சம்பளத்தைக் கொண்டு மறுபடியும் விலை கட்ட வேண்டியதில்லை.

காணிக்கையை விதையாகப் போட்டால் சுகமும் செல்வமும் அறுவடையாகும் என்ற பேச்சு 20-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஊழியர் ஓரல் ராபர்ட்ஸ் போன்றவர்களால் பரவியது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் 2 கொரிந்தியர் 9, எருசலேமில் வறுமைப்பட்டிருந்த விசுவாசிகளுக்காகத் திரட்டிய தர்மப் பணத்தைப் பற்றியது. ஊழியருடைய கைக்குப் போகும் பணத்தைப் பற்றியது அல்ல. அங்கேயும் "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்றே பவுல் எழுதுகிறார். நாகமானின் குஷ்டம் நீங்கினபின் எலிசா ஒரு காசும் வாங்க மறுத்தார். பின்னால் ஓடிப்போய் இரண்டு தாலந்து வெள்ளி வாங்கிய அவருடைய வேலைக்காரன் கேயாசியைத்தான் அந்தக் குஷ்டம் பிடித்தது. சகோதரி, அந்த மாத வருமானம் உங்கள் கணவருடைய மருந்துக்கும் உங்கள் அடுப்புக்கும் உரியது. அதைக் கொடுக்காததற்காக உங்கள் மனசாட்சி உங்களை வாதிக்க வேண்டாம்.

கேள்வி: ஒரு தீர்க்கதரிசியின் செய்திகளை என் மகன் யூடியூபில் இரவும் பகலும் கேட்கிறான். சொன்னவற்றில் சில நடக்கவில்லையே என்று கேட்டால், "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள் என்று வேதம் சொல்லுகிறது, அப்பா, பேசாதீர்கள்" என்கிறான். எங்கள் சபையிலும் அவருடைய பாணியிலேயே பிரசங்கிக்கத் தொடங்கிவிட்டார்கள். சபையை விட்டு விலகலாமா? — ஒரு வாசகர், மதுரை

பதில்: ஐயா, உங்கள் மகன் சொல்லுவது சங்கீதம் 105:15. 12-ஆம் வசனத்திலிருந்து வாசித்தால், கொஞ்சப்பேராய், பரதேசிகளாய் ஜாதி ஜாதியாக அலைந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோருக்குத் தீங்கு செய்யாதிருக்கும்படி தேவன் ராஜாக்களைக் கடிந்துகொண்டார் என்பது தெரியவரும். பலமுள்ளவர்கள் பலவீனரை ஒடுக்காதபடி எச்சரித்த வார்த்தை அது. இன்று மேடையும் ஒலிபெருக்கியும் பல்லாயிரம் சந்தாதாரரும் உடைய ஒருவர், கேள்வி கேட்கும் எளியவரின் வாயை அடைக்க அதையே பயன்படுத்துகிறார். தாவீது, தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜா ஒரு கெபியில் தன் கையில் அகப்பட்டபோதும், அபிஷேகம்பண்ணப்பட்ட அவன்மேல் கைபோட மறுத்தான் என்பது உண்மைதான். அதே தாவீது அந்தக் கெபியிலிருந்து வெளியே வந்து நின்று, கர்த்தர் எனக்கும் உமக்கும் நடுநின்று நியாயம் விசாரிப்பாராக என்று சவுலுக்கே உரக்கச் சொன்னான் (1 சாமுவேல் 24). அந்தியோகியாவில் பேதுருவின் நடத்தை கோணலாயிருந்தபோது பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார். பெரோயா பட்டணத்தார் பவுலின் பிரசங்கத்தையே வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். அதற்காக லூக்கா அவர்களை நற்குணசாலிகள் என்று புகழுகிறான்.

தீர்க்கதரிசனம் நிறைவேறுவதும் முழுச் சான்று ஆகாது. உபாகமம் 18 நிறைவேறாத வார்த்தையைக் கர்த்தர் சொல்லவில்லை என்கிறது. உபாகமம் 13-ஆம் அதிகாரமோ, அடையாளம் பலித்தாலும் அவன் உங்களை வேறு தேவர்களிடத்தில் திருப்பினால் அவனுக்குச் செவிகொடாதே என்கிறது. ஆகவே மகனிடம் "அவர் பொய்யர்" என்று தொடங்காதீர்கள். அவர் எடுத்துச் சொன்ன ஒரு வசனத்தை எடுத்து, அந்த அதிகாரம் முழுவதையும் அவனோடு சேர்ந்து வாசியுங்கள். ஒரு மணி நேரச் செய்தியில் சிலுவை, மனந்திரும்புதல், பரிசுத்தம் ஆகியவற்றுக்கு எவ்வளவு நேரம், வங்கிக் கணக்கு எண்ணுக்கு எவ்வளவு நேரம் என்று அவனே கவனிக்கட்டும். "பொருளாசையுடையவர்களாய், தந்திரமான வார்த்தைகளால்" வசப்படுத்துவார்கள் என்று கள்ளப்போதகர்களைக் குறித்துப் பேதுரு எழுதியதை அவன் தானாகவே கண்டுகொண்டால் அது நிலைக்கும்.

சபையைப் பொறுத்தமட்டில், அவசரப்பட்டு வெளியேறாதீர்கள். முணுமுணுத்துக்கொண்டு உள்ளேயே இருக்கவும் வேண்டாம். முதலில் போதகரைத் தனியே சந்தித்து, எந்தப் பிரசங்கத்தில் எந்த வார்த்தை உங்களை இடறச் செய்தது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டால் ஓரிருவரைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு மூப்பர்களிடம் போங்கள். அதற்குப் பின்னும், கிறிஸ்துவின் சிலுவையை மறைக்கிற செய்தியே தொடர்ந்தால், சுவிசேஷம் உண்மையாய்ப் பிரசங்கிக்கப்படுகிற ஒரு சபையை ஜெபத்தோடு தேடுவதில் குற்றமில்லை. விலகிய பின் எந்தச் சபையிலும் சேராமல் வீட்டிலிருந்தே இணையத்தில் ஆராதனை பார்ப்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பாடு வரும் நாளில் திரை உங்கள் வீட்டுக் கதவைத் தட்டாது.

கேள்வி: எங்கள் சபையில் பல மாதமாக வியாதிப்பட்டிருக்கும் ஒருவரைப் பார்க்கப் போகிறோம். என்ன பேசுவது, எப்படி ஜெபிப்பது என்று தெரியவில்லை. — பெண்கள் ஐக்கியத்தினர், நாகர்கோவில்

பதில்: யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவனோடேகூடத் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை அவர்கள் செய்தது சரி. வாயைத் திறந்து, நீ பாவம் செய்திருப்பாய் என்று காரணம் சொல்லத் தொடங்கியபோது "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" ஆனார்கள். கடைசியில் தேவன், நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கோபித்துக்கொண்டது அவர்கள்மேல்தான். ஆகையால் காரணம் தேடாதீர்கள். இன்னாருக்கு உடனே சுகம் கிடைத்தது என்ற சாட்சியை நோயாளியின் முன் சொல்லாதீர்கள். சுகத்துக்காகத் தைரியமாய் ஜெபியுங்கள். சுகம் தாமதித்தாலும் கர்த்தரைப் பற்றிக்கொள்ளும் பெலனுக்காகவும் அதே ஜெபத்தில் கேளுங்கள். யாக்கோபு 5:14 சொல்லுகிறபடி சபையின் மூப்பர்கள் வீட்டுக்கு வந்து எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும். அதற்குக் கட்டணமோ அற்புத எண்ணெய்க் குப்பியோ தேவையில்லை. 88-ஆம் சங்கீதத்தை வாசிக்கத் தயங்க வேண்டாம். அது இருளிலேயே முடிகிறது, ஆனாலும் கர்த்தரை நோக்கிய ஜெபமாகவே வேதத்தில் இருக்கிறது. ஜெபம் முடிந்ததும் எழுந்து வந்துவிடாமல், மருத்துவமனைக்கு யார் அழைத்துப் போகிறார்கள், பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு எப்படி என்று கேட்டு, ஒரு கிழமையை உங்கள் ஐக்கியம் ஏற்றுக்கொள்ளட்டும். பழம் வாங்கிப் போவதற்குமுன் வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரக நோயாளிக்கு இளநீரும் வாழைப்பழமும் ஆபத்தாக முடியலாம்.