கார் பாலிஷும் மாஸ்க்கிங் டேப்பும்

கேள்வி: வீட்டிலேயே மெஷின் வைத்து காருக்கு பாலிஷ் போட்டேன். பம்பரின் கறுப்பு பிளாஸ்டிக்கிலும் கண்ணாடி ஓர ரப்பர் பட்டையிலும் (பீடிங்) வெள்ளைத் திட்டு விழுந்து, கழுவினாலும் போகவில்லை. அடுத்த முறை டேப் ஒட்டினால் தப்பிக்கலாமா? எந்த டேப் வாங்குவது?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தப்பிக்கலாம். அந்த பிளாஸ்டிக் சொரசொரப்பானது. பாலிஷ் பசையில் (காம்பவுண்ட்) உள்ள அரைப்புத் தூள் அதன் குழிகளில் இறங்கிக் காய்ந்துவிட்டால் துணிக்கு எட்டாது. இப்போதுள்ள திட்டுக்கு, வெதுவெதுப்பான தண்ணீரில் கார் ஷாம்பு கலந்து, பழைய மெல்லிய டூத் பிரஷ்ஷால் நாலைந்து முறை பொறுமையாகத் தேயுங்கள். கத்தியால் சுரண்டவே வேண்டாம்.

ஹார்டுவேர் கடையின் சாதா வெள்ளை டேப்பைவிட, கார் பெயிண்ட் கடையில் கிடைக்கும் மாஸ்க்கிங் டேப் நல்லது. சாதா டேப்பின் பசை வெயிலில் இளகி ரப்பரில் தங்கிவிடும். பீடிங்குக்கு 18 அல்லது 24 மி.மீ. அகலம் போதும். அகலமான பிளாஸ்டிக்குக்கு 48 மி.மீ. வாங்குங்கள்.

டேப்புக்கு முன் கழுவுவதுதான் முக்கியம். கடற்கரைப் பக்கம் ஓடும் வண்டியில் பீடிங் இடுக்கெல்லாம் மணல் இருக்கும். அதன்மேல் டேப் ஒட்டினால் ஓரம் சரியாகப் படியாது. மெஷின் பட்டு அது தூக்கும்போது மணல் மெஷினில் சுழலும் மெத்தை வட்டில் (பேட்) ஏறி, பெயிண்டில் வட்ட வட்டமாகக் கீறல் போடும். நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நிழலில் நிறுத்தி ஒட்டுங்கள். டேப்பை இழுத்து நீட்டி ஒட்டாதீர்கள், பிறகு சுருங்கி முனை எழும்பும். நகத்தால் ஓரத்தை அழுத்தி விடுங்கள். கடைசி முனையை ஒரு மடிப்பு மடித்தால் உரிக்கச் சுலபம்.

கதவு விளிம்பிலும் பாடியின் கூரான மடிப்புக் கோட்டிலும் பெயிண்ட் மெலிசு. அங்கேயும் ஒரு பட்டை ஒட்டுங்கள். சுழலும் பேட் பெயிண்டிலிருந்து பீடிங்கை நோக்கி ஓட வேண்டும். எதிர்ப்பக்கமாக ஓடினால் டேப்பைக் கிழித்து எடுத்துவிடும். ஒரு பக்கம் முடிந்ததுமே, டேப்பைப் பின்னால் மடக்கி மெதுவாக உரியுங்கள். ராத்திரி முழுக்க விட்டுவைப்பது தப்பு. டேப் மறைத்த மெல்லிய கோடு மங்கலாகத் தெரியும். அதைச் சின்ன ஸ்பாஞ்சால் கையாலேயே லேசாகத் தேய்த்துவிடுங்கள்.

கேள்வி: டேப்பின் பசை ரப்பரில் ஒட்டிக்கொண்டது. பெட்ரோல் போடலாமா? போன வாரம் பெயிண்ட் அடித்த கதவிலும் டேப் ஒட்டலாமா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: பெட்ரோல் வேண்டாம், ரப்பர் உப்பும், பிளாஸ்டிக் வெளுக்கும். நீலகிரித் தைலத்தைத் துணியில் இரண்டு சொட்டு விட்டு, முதலில் கண்ணில் படாத இடத்தில் தொட்டுப் பாருங்கள். நிறம் மாறாவிட்டால் பசைமேல் ஒற்றித் துடைத்து, உடனே சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள்.

புதுப் பெயிண்ட் கதவை இப்போது தொடாதீர்கள். மேலே காய்ந்தாலும் உள்ளே இறுகியிருக்காது, டேப்போடு உரிந்து வரலாம். குறைந்தது ஒரு மாதம் போகட்டும். அதற்குப் பிறகும், பெயிண்ட் அடித்தவரிடம் கேட்டுவிட்டே பாலிஷ் போடுங்கள்.