ராணுவத் தேர்வில் பல் பரிசோதனை: பல் மருத்துவர் பதில்கள்

கேள்வி (ராணுவத் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்): சார், 14 டென்டல் பாயின்ட் என்றால் 14 பல் இருந்தால் போதுமா?

இல்லை தம்பி. இந்திய ராணுவத்தில் பல்லை எண்ணுவதில்லை, ஜோடியை எண்ணுகிறார்கள். மேல்பல்லும் அதற்கு நேரான கீழ்ப்பல்லும் சரியாகச் சேர்ந்து கடித்தால்தான் பாயின்ட். முன்பல், கோரைப்பல், சிறிய கடைவாய்ப்பல் ஜோடிக்கு 1. பெரிய கடைவாய்ப்பல் ஜோடிக்கு 2. 32 பல்லும் நன்றாக இருந்தால் 22. ஞானப்பல் சரியாக வளராவிட்டால் 20. அதில் குறைந்தது 14 வேண்டும்.

கேள்வி: கீழ்க் கடைவாய்ப்பல்லில் சொத்தை. மெடிக்கலுக்கு முன்னால் பிடுங்கிவிடலாமா?

தயவுசெய்து அவசரப்படாதீர்கள். நல்ல பையன்கள் வாய்ப்பை இழப்பது இப்படித்தான். கீழ்ப்பல் போனால் மேலே இருக்கும் நல்ல பல்லுக்கும் ஜோடி இல்லாமல் போகிறது. 2 பாயின்ட் காலி. வலப்பக்கம் கீழே ஒன்று, இடப்பக்கம் மேலே ஒன்று என்று எடுத்தால் 4 போய்விடும். சின்னச் சொத்தையை அடைத்துவிட்டால் பல் கணக்கில் நிற்கும். ஆழமாகப் போயிருந்தால் ரூட் கெனால் செய்து காப்பாற்ற முடியுமா என்று கேளுங்கள். அதற்குச் சில முறை போகவேண்டியிருக்கும். அதனால் விண்ணப்பம் போடும்போதே பல் மருத்துவரைப் பாருங்கள், ஆள்சேர்ப்பு ரேலி தேதி வந்தபிறகு அல்ல.

கேள்வி (ஒரு தாய்): மகனுக்குக் கட்டுப்பல் வைத்திருக்கிறோம். அது சேருமா?

சேராதும்மா. செயற்கைப் பல்லுக்குப் பாயின்ட் கிடையாது.

கேள்வி: பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. நிராகரிப்பார்களா?

முற்றிய பயோரியா, அதாவது ஈறு நோய், என்றால் நிராகரிப்பார்கள். பல்லை எடுக்காமலே குணமாகும் நிலை என்றால் ஏற்க இடமுண்டு. இப்போதே பல்லைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். புகையிலை போடும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

கேள்வி (பல் மருத்துவ மாணவி): சேர்ந்த பிறகு யாருக்கு முதலில் சிகிச்சை என்பதை எப்படி முடிவு செய்வார்கள்?

அமெரிக்க ராணுவத்தின் முறை தெளிவானது. வீரர்களை நான்கு வகுப்பாகப் பிரிக்கிறார்கள். சிகிச்சை தேவையில்லாதவர் முதல் வகுப்பு. தேவை உண்டு, ஆனால் 12 மாதத்துக்குள் அவசர நிலை வர வாய்ப்பில்லை என்றால் இரண்டாவது. அப்படி வரக்கூடும் என்றால் மூன்றாவது. பரிசோதனையே பாக்கி என்றால் நான்காவது. கடைசி இரண்டு வகுப்பினரையும் சரிசெய்த பிறகே களத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. பனிமலை முகாமில் ஒருவருக்குத் தாடை வீங்கினால் ஹெலிகாப்டர் வரவேண்டியிருக்கும், இல்லையா? புதிதாகச் சேர்பவர்களிடம் நீங்கள் முக்கியமாகத் தேட வேண்டியது ஞானப்பல்லை. அவர்கள் சேரும் வயதுதான் அது முளைக்கும் வயதும். பாதி முளைத்து, மேலே ஈறு மூடியிருந்தால் உணவு தங்கிச் சீழ் பிடிக்கும். வலி இல்லை என்று அவர் சொன்னாலும் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.