ஆறு பேரில் ஒரு மனிதன்கூட இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர்களுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்தத் தொடங்கியிருக்கிறேன். ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் விளையாட்டு. கதையை நடத்தும் டிஎம் நான்தான். ஆறு பேர் கேரக்டரோடு வந்தார்கள். கொம்பு முளைத்த டீஃப்லிங் இரண்டு, நீளக் காது எல்ஃப் இரண்டு, டிராகன் உருவில் ஒரு டிராகன்பார்ன், ஆமை உருவில் ஒரு டார்ட்டில். மனிதன் ஒருவன்கூட இல்லை. கேட்டால், "தினமும் மனுஷனாத்தானே இருக்கோம், அங்கேயும் எதுக்கு?" என்கிறார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. பாதிப் பேராவது மனிதராக இருக்க வேண்டும் என்று விதி போடலாமா? இருட்டில் கண் தெரியாத மனிதனுக்கு ஈடாக ஏதாவது கொடுக்கலாமா? இப்படி ஒரு கூட்டம் ஊருக்குள் வந்தால் யாராவது நம்புவார்களா?

கே.

அன்புள்ள கே.,

பழைய பெட்டியைக் குடைந்தபோது என் பாத்திரத்தின் விவரங்களை எழுதிவைத்த கேரக்டர் ஷீட் ஒன்று கிடைத்தது. இரண்டு வாரமாக அது என் மேஜையிலேயே கிடக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் கடிதம்.

ஊர்க்காரர்கள் நம்புவதும் நம்பாததும் உங்கள் கையில். இருட்டுக்குத் தீப்பந்தம் இருக்கிறது. விதி மட்டும் போடாதீர்கள். அதைப் போட்டுப் பார்த்தாயிற்று. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த முதல் பதிப்பில், ஆட ஆட ஏறிக்கொண்டே போகும் படிகளில், குள்ளர் இனமான ட்வார்ஃப் ஆறாம் லெவலைத் தாண்ட முடியாது. இன்னும் குட்டையான ஹாபிட்டுக்கு நான்கோடு சரி. மனிதனுக்கு மட்டும் வரம்பே கிடையாது. இதனால் மனிதன் ஓர் அங்குலம்கூட உயரவில்லை, பக்கத்தில் இருந்தவர்களின் தலையில் தட்டி உட்கார வைத்தார்கள், அவ்வளவுதான். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு வரம்பைத் தூக்கிவிட்டு மனிதனுக்கு ஒரு ஃபீட், அதாவது ஒரு சிறப்புத் திறமை, கூடுதலாகக் கொடுத்தது. அதுவும் லஞ்சம்தான். ஃபீட்டுக்காக மனிதனை எடுத்தவன் அந்த மனிதனுக்கு ஒரு அம்மாவைக்கூட யோசித்திருக்க மாட்டான். நீங்கள் கேட்கிற "ஈடு" இதே ரகம்.

"தினமும் மனுஷனாத்தானே இருக்கோம்" என்பதை நீங்களும் ஆமோதித்திருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கோபம். தினமும் மனிதனாக இருப்பதில் அப்படி என்ன பார்த்துவிட்டீர்கள்?

என் ஷீட்டுக்கு வருகிறேன். அவன் 26 வயதுப் போர்வீரன், ஊரில் மனைவியும் கைக்குழந்தையும். கூட ஆடியவளின் பாத்திரம் 120 வயது எல்ஃப். ஒரு பாழடைந்த கோபுரத்தில் பேய் ஒன்று தன் கோர முகத்தைக் காட்டியது. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிப்படி, அந்த முகத்தைத் தாங்க உருட்டும் பகடையில் ஐந்து புள்ளியோ அதற்கு மேலோ குறைந்து தோற்றால் நாலுபக்கப் பகடையை உருட்ட வேண்டும். விழுவதைப் பத்தால் பெருக்கினால் வருவது, அங்கேயே ஏறிப்போகும் வயது. எங்கள் இருவருக்குமே அப்படி ஒரு தோல்வி. அவளுக்கு மூன்று விழுந்தது. ரப்பரால் அழித்து 150 என்று எழுதிவிட்டுச் சிரித்தாள். எல்ஃபுகள் 750 வயதுவரை வாழ்பவர்கள், அவளுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. எனக்கு விழுந்தது நான்கு. 26-ஐ அழித்து 66 என்று எழுதினேன். அதை நீக்கும் மந்திரத்தை 24 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். எங்கள் குழுவின் பூசாரியான கிளெரிக் நான்காம் லெவல், அந்த மந்திரத்துக்கு ஒன்பதாவது வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்த மனைவியின் குரலில் எங்கள் டிஎம் கேட்டார்: "யாரு வேணும், பெரியவரே?"

எனக்குப் பதில் வரவில்லை. மேஜையில் யாரும் சிப்ஸ் பாக்கெட்டைக்கூடத் தொடவில்லை. அப்புறம் அந்த எல்ஃப்தான் பேசினாள். அவன் யார் என்று அந்தப் பெண்ணுக்கு விளங்க வைத்தாள். அதற்கடுத்த வாரம், தன் எல்ஃப் இதுவரை எத்தனை மனிதர்களைப் புதைத்திருக்கிறாள் என்று நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். அதுவரை அவளுடைய எல்ஃபுக்கு நீளமான காதுகளைத் தவிர வேறு எதுவுமே இல்லை. பக்கத்தில் ஒருவன் கிழவனான பிறகுதான் அவளுக்கு அந்த 750 வருஷத்தின் கனம் தெரிந்தது.

எத்தனை மனிதர்கள் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ஒருவன் இருந்தாலே போதும், அதுவும் தானாக விரும்பி வரட்டும். உங்கள் ஆறு பேரிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள்: வீட்டில் யார் இருக்கிறார்கள், இன்னும் எத்தனை வருஷம் பாக்கி? அந்த டார்ட்டிலிடம் முதலில் கேளுங்கள். நம் ஊர் ஆமை மாதிரி நூறு வருஷம் இருப்போம் என்று நினைத்து எடுத்திருப்பார். டார்ட்டிலுக்கு ஆயுள் ஐம்பதுதான்.